மினாசே கம்பெனி வரலாற்றில் ஒரு பிழைதிருத்தம்

ஓரிகாசா தெருமி சான் மினாசே ரெக்கார்டு கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தார். அதில் ஒரே ஒரு நாள் கவனம் தவறினார். கம்பெனிக்கு அதைவிட அதிர்ஷ்டமான நாள் வாய்த்ததில்லை. அவருக்கு அதைவிடக் கொடுமையான நாளும் வாய்த்ததில்லை.

நான் ஹிரைதே, அவருக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. அதனால்தான் இதையெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது.

எங்கள் அலுவலகம் டோக்கியோ அகாசாகாவில் சோபா என்கிற நூடுல்ஸ் விற்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டு மாடி. ரேடியோ உதிரி பாகம் செய்துகொண்டிருந்தவர்கள் 1962இல் ஆரம்பித்த கம்பெனி. பெரிய கம்பெனிக்காரர்கள் எங்களை 'சோபா கடை மாடி' என்றுதான் சொல்வார்கள். மதியம் ஆனால் கீழேயிருந்து குழம்பு வாசனை ஒலிப்பதிவு அறை வரைக்கும் வரும். பாடகிகள் பசியில் சுருதி தவறுகிறார்கள் என்று டைரக்டர்கள் புலம்புவார்கள்.

1969இல் தெருமி சான் வடக்கே யாமகதாவிலிருந்து பதினெட்டு வயதில் வந்து ஆர்டர் மேஜையில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு எப்படி வெளியே வருகிறது என்று கேட்டால் எல்லோரும் பாடகியைச் சொல்வார்கள், இசையமைப்பாளரைச் சொல்வார்கள். நடுவில் ஒரு சீட்டு இருக்கிறது. ஒலிப்பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பதிவு எண் விழும். எந்த எண் ஏ பக்கம், எந்த எண் பி பக்கம் என்று எழுதி, முத்திரை குத்தி, கவாசாகி தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். சீட்டில் பாட்டின் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். லேபிள் அச்சடிப்பவர்கள் எண்ணைப் பார்த்துப் பெயரைப் போடுவார்கள். அந்தச் சீட்டை எழுதியவர் தெருமி சான்.

எப்போதும் ஏ பக்கத்துப் பாட்டைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். முக்கியமான பாட்டு அதுதானே. அதனால் சிறிய எண் ஏ, பெரிய எண் பி. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட இது மாறியதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் கை அப்படித்தான் எழுதும்.

கம்பாரா யோஷிஹரு அந்தக் காலத்தில் எங்களிடம் இசைக்குறிப்புப் படி எடுக்கிற வேலை பார்த்தார். வயலின்காரருக்கு ஒரு தாள், டிரம்பெட்காரருக்கு ஒரு தாள் என்று நாள் முழுக்க எழுதுவார். அகிதா பக்கம் நோஷிரோ அவர் ஊர். வாய் திறந்தால் வடக்கத்திப் பேச்சு. யாமகதா பெண்ணுக்கும் அவருக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. தினமும் கீழே சோபா கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து டோக்கியோ ஊறுகாயைத் திட்டுவார்கள்.

"அது என்ன ஊறுகாய், உப்புக்குப் பயந்தவங்க போட்ட மாதிரி" என்பார் கம்பாரா.

"எங்க ஊர் மூங்கில் குருத்து வரட்டும். அப்புறம் நீங்க அகிதா பேச்சே எடுக்க மாட்டீங்க."

"மூங்கில் குருத்தோட நீங்களும் வருவீங்களா, பார்சல் மட்டும்தானா?"

தெருமி சான் முகத்தைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்துக்கொள்வார். நான் பார்க்காத மாதிரி சூப்பைக் குடிப்பேன்.

1974 ஜூனில் கம்பாராவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. செனாமி ரிட்சுகோ என்ற புதுப் பாடகி. அவளுடைய முதல் இசைத்தட்டின் ஏ பக்கத்துக்குக் கம்பாராவின் மெட்டு தேர்வாயிற்று. 'எலுமிச்சை சைக்கிள்' என்று பாட்டு, நல்ல துள்ளல். பி பக்கத்துக்கு ஒரு மூத்த இசையமைப்பாளர் வேண்டாவெறுப்பாகப் போட்டுக் கொடுத்த 'பனி உருகும் துறை'. பதிவு நாளில் ரிட்சுகோவுக்கு ஜலதோஷம். கரகரப்பான குரலுக்கு மெதுவான பாட்டுதான் சரிப்படும், தொண்டை கொஞ்சம் சூடாகட்டும் என்று பனிப் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டார்கள்.

சிறிய எண் பனிப் பாட்டுக்கு விழுந்தது.

அந்தச் சீட்டு தெருமி சானின் மேஜைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. எழுதியதைப் பதிவு ஏட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்த வேண்டும். கீழே கம்பாரா காத்துக்கொண்டிருந்தார். தன் முதல் ஏ பக்கத்துக்காக அன்றைக்கு பொரித்த இறால் டெம்புரா வைத்த சோபா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். தெருமி சானின் கை பழக்கப்படி எழுதியது. மூன்று பிரதியிலும் முத்திரை டக், டக், டக் என்று விழுந்தது. ஏட்டைத் திறக்கவில்லை. கண்ணாடியில் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்பு கண்ணை மறைக்கும் என்பார்களே, அது ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மறைத்தது அன்றைக்குத்தான்.

வானொலி நிலையங்களுக்கான சாம்பிள் தட்டு அறுநூறு போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து நிகாட்டாவிலிருந்து எங்கள் விளம்பரக்காரர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"பனிப் பாட்டை மழைக்காலத்துல வெளியிடுற கம்பெனி நம்மளது ஒண்ணுதான்னு ரேடியோக்காரங்க சிரிக்கிறாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், போஸ்ட்கார்டு மூட்டை மூட்டையா வருது. அந்தப் பொண்ணு அழுதுட்டே பாடியிருக்காளான்னு எல்லாரும் கேக்கிறாங்க."

"ஜலதோஷம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தெருமி சான் கோப்பிலிருந்து சீட்டின் பிரதியை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். ஏட்டையும் சீட்டையும் என் முன்னால் வைத்தார். இரண்டு எண்ணும் மாறிக் கிடந்தன.

தயாரிப்புப் பிரிவுத் தலைவர் முரோபோஷி அன்று காலைதான் ஒசாகாவிலிருந்து திரும்பியிருந்தார். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் டைரக்டர்கள், அவர் இன்னும் இரண்டையும் கேட்டிருக்கவில்லை. பெரிய மனிதர், பெரிய குரல். ஒரு பாட்டின் முதல் நாலு வரியைக் கேட்டே எத்தனை தட்டு விற்கும் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். தெருமி சான் அவர் மேஜைக்கு முன்னால் போய், தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"எத்தனை போயிருக்கு?" என்றார் முரோபோஷி.

"அறுநூறு."

"தட்டு உறை?"

"அச்சகத்துல இருக்கு. இன்னும் அடிக்கலை."

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். நிகாட்டா செய்தி அவருக்கும் வந்திருந்தது.

"இதைப் பார்த்தவங்க யாரு யாரு?"

"நானும், ஹிரைதே சானும்தான்."

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்கா?"

"இருக்கு" என்றோம்.

"இனிமே இல்லைன்னு வெச்சுக்குங்க. கம்பெனித் தலைவருக்குத் தெரிஞ்சா உங்க சீட்டும் கிழியும், கவனிக்காம பேரை அடிச்ச லேபிள் செக்ஷன்காரர் சீட்டும் கிழியும். பக்கத்தைத் திருப்பினது நான். ரெண்டையும் கேட்டேன், இதுதான் ஏ பக்கம்னு முடிவு பண்ணினேன். போய் வேலையைப் பாருங்க."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் அவர் தெய்வமாகத் தெரிந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகஸ்டில் 'பனி உருகும் துறை' நாலு லட்சம் தட்டு போயிற்று. சோபா கடை மாடி இரண்டு மாடியிலிருந்து ஐந்து மாடிக் கட்டடத்துக்கு மாறியது. தன் கையாலேயே தட்டைத் திருப்பிப் போட்ட முரோபோஷியின் கதையைப் பத்திரிகைகள் எழுதின. வருடத்துக்கு வருடம் அவரே அதில் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். கடைசியில், திருப்பும்போது வெளியே இடி இடித்தது வரைக்கும் வந்துவிட்டது.

அந்த செப்டம்பரில் ஒரு நாள் கம்பாரா எங்கள் மேஜைக்கு வந்தார். கையில் சின்னப் பெட்டி.

"ஊருக்குப் போறேன். அண்ணன் பியானோ ட்யூனிங் பண்றார், கூட இருந்து பழகிக்கலாம்னு."

"பாட்டு?" என்றார் தெருமி சான்.

"அதான் தெரிஞ்சு போச்சே. முரோபோஷி சான் ரெண்டையும் கேட்டுட்டு என்னோடதைத் திருப்பிப் போட்டார். அவர் காது தப்பாக் கேக்காது. வேற யாராவது சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

தெருமி சானின் உதடு அசைந்தது. நான் பார்த்தேன். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொன்னால் லேபிள் செக்ஷன்காரர் வேலை போகும். அவருக்கு மூன்று குழந்தைகள். காப்பாற்றிய மனிதரின் பெயரும் போகும். வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது.

"ஒண்ணு கேக்கலாமா" என்றார் கம்பாரா. "நோஷிரோல காத்து அதிகம். மத்தபடி நல்ல ஊர்தான். நீங்க..."

"என்னால வர முடியாது" என்றார் தெருமி சான். அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே.

அன்று மாலை பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவர் அழுததை நான் மட்டும்தான் கேட்டேன். "அந்தப் பொய்யை மனசுல வெச்சுக்கிட்டு, அவர் எதிர்ல உக்காந்து தினமும் எப்படிச் சோறு போடுவேன், ஹிரைதே?" என்றார். சத்தம் வெளியே கேட்காமலிருக்க குழாயைத் திறந்துவிட்டேன்.

காலம் போயிற்று. எண்பதுகளில் குட்டைப் பாவாடையும் ரிப்பனுமாகப் பதினாறு வயதுப் பெண்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். எங்கள் கம்பெனி வாசலில் பள்ளிக்கூடப் பையோடு ரசிகர்கள் குந்தியிருப்பார்கள். பிறகு சிடி வந்தது. அதற்கு ஏ பக்கமும் இல்லை, பி பக்கமும் இல்லை. ஆர்டர் மேஜையைக் கலைத்து எங்களைப் பொது நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். தெருமி சான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னப் பெண்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஆர்டர் மேஜைக் கோப்புகளைத் தூக்கிப் போடச் சொன்னபோது, அவர் மட்டும் அத்தனையையும் நிலவறைக்கு இறக்கி வைத்தார்.

2002இல் மினாசேயை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அடுத்த மார்ச்சில் பெயர்ப் பலகை இறங்கும். அதற்குள் நாற்பது வருட வரலாற்றைப் புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று மேலிடம் சொன்னது. எந்தக் கம்பெனியும் செய்கிற காரியம்தான். கனத்த அட்டை, பெட்டி உறை, யாரும் படிப்பதில்லை. தொகுக்கும் வேலை தெருமி சானுக்கு வந்தது.

பழைய கலைஞர்கள் எல்லோருக்கும் நினைவுக் குறிப்பு கேட்டுக் கடிதம் போட்டோம். புத்தகம் அச்சுக்குப் போன பிறகுதான் நோஷிரோவிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. நாலே வரி.

'தாமதத்துக்கு மன்னிக்கவும். என் ஒரே பாட்டை முரோபோஷி சானின் காது கேட்டுத் திருப்பிப் போட்டது. அது சரியான தீர்ப்பு. அதன்பிறகு நான் ஒரு மெட்டும் எழுதவில்லை. கம்பாரா.'

தெருமி சான் அதை மேஜைமேல் வைத்து, இரண்டு கையாலும் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எந்தத் தீர்ப்பு, ஹிரைதே? அவர் பாட்டை அன்னைக்கு யாரும் கேக்கவே இல்லையே. இருபத்தெட்டு வருஷமா அந்த மனுஷன் நடக்காத வழக்குக்கு ஜெயில்ல இருந்திருக்காரே."

எண்ணூறு பிரதிகள் பெட்டியில் வந்து இறங்கின. நூற்றுப் பதிமூன்றாம் பக்கம், எட்டாவது வரி: 'தயாரிப்புத் தலைவர் முரோபோஷியின் துணிச்சலான முடிவால் பக்கங்கள் மாற்றப்பட்டன.' கீழே தொகுத்தவர் பெயர் ஓரிகாசா தெருமி. வழக்கம்போல இந்தப் புத்தகத்துக்கும் ஒரு பிழைதிருத்தச் சீட்டு இருந்தது, உள்ளே செருகி வைப்பதற்கு. தேதிகள், பெயர்கள் என்று ஆறு திருத்தங்கள். இன்னும் அடிக்கவில்லை. தெருமி சான் பென்சிலால் ஏழாவதை எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு, முரோபோஷியைப் பார்க்கப் போனார். அவருக்குத் தெரியாமல் செய்ய இவருக்கு மனம் வரவில்லை. என்னையும் கூட்டிப் போனார்.

முரோபோஷிக்கு எழுபத்தெட்டு வயது. காமகுராவில் மகள் வீட்டில் இருந்தார். அந்தப் புகழ்பெற்ற காதுகள் இரண்டிலும் கேட்கும் கருவி. சீட்டைக் கையை நீட்டித் தூர வைத்துப் படித்தார்.

"பைத்தியமா உங்களுக்கு? கம்பெனியே செத்துப் போச்சு. பிணத்துக்குப் பேர் திருத்துறீங்களா?"

"கம்பாரா சான் உயிரோட இருக்கார்."

"நான் செத்த பிறகு அடிங்க. ரொம்ப நாள் ஆகாது."

"அதுக்குள்ள கம்பெனி பேரே போயிடும். அப்புறம் திருத்த இடம் இல்லை."

முரோபோஷி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓரிகாசா, நூத்துக்கணக்குல பாட்டு போட்டேன். ஜனங்க ஞாபகம் வெச்சிருக்கிறது இந்த ஒரு கதையைத்தான். அதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

"அன்னைக்கு எங்களைக் காப்பாத்தினீங்க. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன்" என்றார் தெருமி சான். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரை எடுத்து வைத்தார். "ஒரு தடவை கேளுங்க. திருப்பினதாச் சொன்ன பாட்டை ஒரு தடவையாவது கேளுங்க. அப்புறம் வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

ஊசி இறங்கியது. முரோபோஷி கருவியைத் திருகிச் சத்தம் கூட்டிக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்தார். பழைய ஆள் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது. விரல் தொடையில் தாளம் போட்டது. நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

பாட்டு முடிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

"நல்ல பாட்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி இழுக்குது, நாலு தாள அளவு. என்கிட்ட அன்னைக்குக் கொடுத்திருந்தா வெட்டச் சொல்லியிருப்பேன். வெட்டிட்டு ஏ பக்கத்துலயே போட்டிருப்பேன்." கையை நீட்டினார். "பென்சிலைக் குடுங்க."

பென்சில் நுனியால் வரி வரியாகப் பார்த்தும், தெருமி சான் எழுதியதில் அவர் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ஓரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்தினார்.

பொது நிர்வாகத் தலைவர், புதுக் கம்பெனியிலிருந்து வந்த இளைஞர், ஏழாவது திருத்தத்தைப் பார்த்தார். "போட்டுக்குங்க. இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க" என்றார். அடித்துச் செருகினோம்.

'பக்கம் 113, வரி 8. பிழை: தயாரிப்புத் தலைவர் முரோபோஷியின் துணிச்சலான முடிவால். சரி: ஆர்டர் மேஜை ஊழியர் ஓரிகாசா தெருமியின் தவறால்.'

நவம்பரில் தெருமி சான் ஒரு பிரதியைத் துணியில் சுற்றிக்கொண்டு நோஷிரோவுக்கு ரயில் ஏறினார். அங்கே நடந்ததை அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

கடலோரப் பைன் மரங்களைத் தாண்டி ஒரு சின்னக் கடை. கம்பாரா நரைத்து, இன்னும் ஒல்லியாக, பழுதுக்கு வந்த பியானோக்களுக்கு நடுவில் நின்றார். இவரைப் பார்த்ததும் கையிலிருந்த திருகியைக் கீழே வைத்தார். அவருடைய மனைவி ஃபுசாயே தேநீரும் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் கொண்டு வந்து வைத்தார். உருண்டை முகம், பட்டென்று பேசுகிறவர்.

"நீங்கதானா அந்த ஆர்டர் மேஜைக்காரங்க. இந்த வீட்ல முரோபோஷி முரோபோஷின்னு ஒரு பேர்தான் ஓடும். உங்க பேர் ஓடினதில்லை. அதுலயே எனக்கு ஒரு சந்தேகம்."

தெருமி சான் தரையில் மண்டியிட்டு, புத்தகத்தைத் திறந்து, சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நெற்றி தரையைத் தொடக் குனிந்தார்.

கம்பாரா படித்தார். மறுபடி படித்தார்.

"அப்போ முரோபோஷி சான் என் பாட்டைக் கேக்கவே இல்லையா?"

"அன்னைக்கு கேக்கலை."

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். நாட்டுலயே பெரிய காது என் பாட்டைக் கேட்டு வேண்டாம்னு சொல்லுச்சுன்னு. பெருமையாவே சொல்லியிருக்கேன்." சீட்டைக் கீழே வைத்தார். "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. ஃபுசாயே சீட்டை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "அப்போ ரெண்டு எண்ணு மாறினதாலதான் எனக்குப் புருஷன் கிடைச்சார்" என்றார். தெருமி சானின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "தலையைத் தூக்குங்க. ஆனா இதைத் திருப்பி மட்டும் மாத்திடாதீங்க."

தெருமி சானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "போன மாசம் கேட்டார், கம்பாரா சான். முரோபோஷி சான் உங்க பாட்டைக் கேட்டார். நான் பக்கத்துல இருந்தேன். நல்ல பாட்டுன்னார். ஏ பக்கத்துலயே போட்டிருப்பேன்னார். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி மட்டும் நாலு அளவு இழுக்குதாம்."

கம்பாரா திரும்பினார். கன்னம் நனைந்திருந்தது. ஆனால் புருவம் சுருங்கியிருந்தது.

"நாலு இல்லை" என்றார். "எட்டு. எனக்கு அப்பவே தெரியும்."

பக்கத்திலிருந்த பியானோவின் மூடியைத் திறந்து, நின்றபடியே வாசித்தார். அந்த எட்டு அளவையும் விட்டுவிட்டு நேராகச் சரணத்துக்குத் தாவினார். விரல்கள் தடுமாறின, பிறகு பிடித்துக்கொண்டன. முடித்துவிட்டுத் திரும்பி, அகாசாகாவில் சோபாக் கிண்ணத்துக்கு மேலாகப் பார்க்கிற அதே மாதிரி பார்த்தார்.

"இப்போ?"

இருபத்தெட்டு வருடம் வாயை மூடியிருந்தவர் இந்த முறை ஒரு நொடியும் தாமதிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இழுக்குது" என்றார் தெருமி சான்.

கம்பாரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபுசாயே எங்கேயோ தேடி ஒரு பென்சில் கொண்டு வந்து கொடுத்தார்.